இஸ்தான்புல் முதல் அல்மாட்டி வரை: ஏழு நாட்டு பைக் பயணத்தின் தயாரிப்பு

பின்னணி

2019 கோடையில் இரண்டு பேர் இஸ்தான்புல்லிலிருந்து அல்மாட்டி வரை பைக்கில் சென்றார்கள். உடன்பிறந்தவர்கள். அக்காவுக்கு 42 வயது, தம்பிக்கு 35. இருவரும் ஐரோப்பாவில் வசிப்பவர்கள், பைக்குகளும் அங்கே பதிவானவை. பெயர்கள் இங்கே வேண்டாம் என்பதால் அக்கா, தம்பி என்றே குறிப்பிடுகிறேன். தயாரிப்பு நடந்த மாதங்களில் அவர்களுடைய பட்டியல்களைச் சரிபார்க்கும் வேலை என்னுடையது. பயணத்துக்குப் பிறகு இருவரும் தங்கள் குறிப்பேடுகளையும் கொடுத்தார்கள். அவற்றை வைத்து இதை எழுதுகிறேன்.

வழி இது: துருக்கி, ஜார்ஜியா, அஜர்பைஜான். அங்கிருந்து காஸ்பியன் கடலைக் கப்பலில் கடந்து கஜகஸ்தான். பிறகு உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான், பாமிர் நெடுஞ்சாலை, கிர்கிஸ்தான், மறுபடியும் கஜகஸ்தான். இதே வழியில் இப்போது கிளம்ப நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020 மார்ச்சில் அஜர்பைஜான் தன் தரை எல்லைகளைப் பயணிகளுக்கு மூடியது, ஆண்டுக்கணக்கில் திறக்கவில்லை. இங்கே வரும் விசா, எல்லை விவரங்கள் எல்லாம் 2019-க்கு உரியவை.

முதலில் ஈரான், துர்க்மெனிஸ்தான் வழியாகப் போகலாம் என்றுதான் பேசினார்கள். ஈரானுக்கு வண்டி கொண்டுபோக கார்னே என்ற சுங்க உறுதி ஆவணம் வேண்டும். வாகனச் சங்கத்திடம் பெரிய பிணைத்தொகை கட்டினால்தான் அது கிடைக்கும். துர்க்மெனிஸ்தான் கடப்பு விசாவோ சில நாட்களுக்கு மட்டுமே, அதுவும் தேதி குறித்து வரும். காரணம் சொல்லாமல் மறுப்பதும் உண்டு. பயணம் முழுவதும் அந்த ஒரு தேதியைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியிருக்கும் என்று அக்கா அந்த வழியை விலக்கினார். காஸ்பியன் கப்பலுக்கும் நேர அட்டவணை கிடையாது. ஆனால் அங்கே காத்திருந்தால் போதும், தேதி தவறிவிட்டது என்று யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள்.

தொடக்கத்தில் இருந்த வண்டிகள்

அக்காவிடம் 650 சிசி ஒற்றைச் சிலிண்டர் பைக். கார்புரேட்டர் வண்டி, பழையது, ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் அவருக்குப் பழக்கம். 23 லிட்டர் டேங்க் மாற்றியிருந்தார். பின்பக்க ஷாக்கில், அதாவது குலுக்கலைத் தாங்கும் அமைப்பில், சுமைக்கு ஏற்ற கடினமான ஸ்பிரிங் போட்டிருந்தார்.

தம்பியிடம் 1,200 சிசி இரட்டைச் சிலிண்டர் பைக். நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் ஓட்டினாலும் அலுக்காத வண்டி. டியூப் இல்லாத டயர் என்பதால் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றாமலே அடைத்துவிடலாம். தொலைதூரப் பயணத்துக்கு இதைவிட என்ன வேண்டும் என்பது அவருடைய வாதம். தார்ச்சாலை மட்டுமே என்றால் அந்த வாதத்தை நானும் ஏற்றிருப்பேன்.

ஒத்திகை

கிளம்புவதற்கு ஏழு வாரம் முன்பு, முழுச் சுமையுடன் நான்கு நாள் ஒத்திகைப் பயணம் போனார்கள். இதற்கு அக்கா வைத்த விதிகள் கண்டிப்பானவை. பயணத்தில் கொண்டுபோகும் அத்தனையும் வண்டியில் இருக்க வேண்டும். அறை எடுக்கக் கூடாது. ஒரு நாளாவது மழையில் ஓட்ட வேண்டும். ஒரு நாள் முழுக்க சரளையும் மணலும். வழியில் எது கெட்டாலும் கையில் இருக்கும் கருவிகளால் மட்டுமே சரிசெய்ய வேண்டும்.

கிளம்பும் முன் இரண்டு வண்டிகளையும் எடைமேடையில் நிறுத்தினார்கள். தம்பியின் பைக் பெட்ரோலோடு 255 கிலோ, சாமான் 68 கிலோ. மொத்தம் 323. தயாரிப்பாளர் அனுமதித்த எல்லைக்குள் அது வசதியாகவே அடங்கியது. ஏட்டில் எந்தச் சிக்கலும் இல்லை.

மூன்றாம் நாள் மணல் தடத்தில் அந்த பைக் சாய்ந்தது. வேகம் இல்லை, அடியும் இல்லை. தூக்கும் முறை அவருக்குத் தெரியும்: கியரில் போட்டு, பக்கத் தாங்கியை முன்பே இறக்கி, வண்டிக்கு முதுகைக் கொடுத்து, கால் பலத்தால் பின்னோக்கித் தள்ளுவது. மணலில் கால் புதைந்துகொண்டே போனது. மூன்று முறை முயன்றபின், “அக்கா, இதை என்னால தூக்க முடியல” என்றார். இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். ஒரு மணி நேரத்தில் மறுபடியும் விழுந்தது. அன்று மாலைக்குள் அவர் களைத்துப்போனார். களைப்பில் ஓட்டும்போது எடுக்கும் முடிவுகள் எப்படி மோசமாகின்றன என்பதை அவரே அன்றைய குறிப்பில் நேர்மையாக எழுதியிருக்கிறார். எதிரே மாடு நின்றதைக் கடைசி நொடியில்தான் பார்த்திருக்கிறார்.

அக்காவின் வண்டியிலும் இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. ஒன்று, எரிபொருள் கணக்கு. தார்ச்சாலையில் லிட்டருக்கு 24 கி.மீ. கொடுத்த பைக், மணலிலும் எதிர்காற்றிலும் 19-க்கு இறங்கியது. இரண்டு, டியூப் மாற்றும் வேலை. இரவில் வேண்டுமென்றே பின்சக்கரத்தைக் கழற்றி, டயர் நெம்புகோலால் டியூபை எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். முதல் தடவை இரண்டு மணி நேரம் ஆனது, புது டியூபை நெம்புகோலே கிள்ளி ஓட்டையாக்கியது. வீட்டுக்கு வந்தபின் திரும்பத் திரும்பச் செய்து முக்கால் மணி நேரத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

ஒத்திகைக்குப் பின் எடுத்த முடிவுகள்

தம்பி 1,200 சிசி பைக்கைக் கைவிட்டார். எளிதில் எடுத்த முடிவல்ல, ஒரு வாரம் ஆனது. அக்காவின் கணவரிடம் அதே மாடல் 650 ஒன்று இருந்தது. அதை இரவல் வாங்கிக்கொண்டார். பெட்ரோலோடு 185 கிலோ. சாமானையும் 40 கிலோவாகக் குறைத்தார்கள். மொத்தம் 225. கிட்டத்தட்ட நூறு கிலோ இறங்கியது.

இரண்டும் ஒரே மாடல் ஆனதால் உதிரிப்பாகச் சுமையும் குறைந்தது. முன்சக்கரத்துக்கு ஒரு டியூப், பின்சக்கரத்துக்கு ஒன்று, ஒரு கிளட்ச் கேபிள், ஒரு ஜோடி பிரேக் பேட், செயின் இணைப்புக் கண்ணிகள். இரு வண்டிக்கும் இதுவே போதும். ஒருவர் பையில் கருவிகள், மற்றவர் பையில் உதிரிப்பாகங்கள் என்று பிரித்தார்கள். சமையல் அடுப்பு ஒன்றே, கூடாரமும் ஒன்றே.

டேங்க் கணக்கு சிக்கலாக இருந்தது. கஜகஸ்தானின் பெய்னியூவுக்கும் உஸ்பெகிஸ்தானின் குன்கிராதுக்கும் இடையே ஏறத்தாழ 400 கி.மீ. பாலைவனம். உஸ்பெகிஸ்தானில் அப்போது பெரும்பாலான கார்கள் எரிவாயுவில் ஓடின, பெட்ரோல் கிடைக்காத நாட்கள் உண்டு, கிடைத்ததும் பல இடங்களில் 80 ஆக்டேன் என்ற தரம் குறைந்த பெட்ரோல்தான். மைத்துனரின் பைக்கில் இருந்தது 15 லிட்டர் டேங்க். 19 கி.மீ. வீதம் 285 கி.மீ.தான் போகும். ஆகவே ஐந்து லிட்டர் கேன்கள் இரண்டு சேர்த்தார்கள். அந்தத் தடத்துக்கு முன்பு மட்டும் நிரப்புவது, மற்ற நாட்களில் காலியாகவே கட்டிக்கொண்டு போவது என்று முடிவு. குறைந்த ஆக்டேனுக்கு இந்தப் பழைய எஞ்சின் பொருத்தமாகவே இருந்தது, அதன் அழுத்த விகிதம் அதிகமில்லை.

உயரத்துக்கு இன்னொரு ஏற்பாடு. பாமிர் நெடுஞ்சாலையின் உச்சமான அக்பைதல் கணவாய் 4,655 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பத்தில் ஆறு பங்குகூட இல்லை. கார்புரேட்டர் அதே அளவு பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். கலவை கனத்து, எஞ்சின் திணறும், ஸ்பார்க் பிளக் கரியாகும். பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் துளைத் திருகான மெயின் ஜெட்டைச் சின்ன அளவில் வாங்கி, கண்ணைக் கட்டினாலும் மாற்ற முடியும் என்ற அளவுக்குப் பழகினார்கள். செயின் ஓடும் முன் பல்சக்கரத்தில் (ஸ்ப்ராக்கெட்) ஒரு பல் குறைத்ததும் இதற்காகத்தான். சக்தி குறையும் இடத்தில் ஏற்றத்தைக் கீழ் விகிதத்தில் சமாளிக்கலாம்.

ஒன்று மட்டும் நடக்கவில்லை. மைத்துனரின் பைக்குக்கும் கடினமான பின் ஸ்பிரிங் ஒன்று ஆர்டர் செய்திருந்தார்கள். அது கிளம்பும் தேதிக்குள் வரவில்லை. இருந்த ஸ்பிரிங்கையே முழுவதும் இறுக்கி, பின்பக்கம் தாழாமல் நிறுத்திப் பார்த்துவிட்டு, போதும் என்று முடிவு செய்தார்கள். அந்த வண்டியில் முழுச் சுமையோடு இரண்டாவது ஒத்திகையும் போகவில்லை. வாரங்கள் கைவிட்டுப் போயிருந்தன.

இரவல் வண்டியின் காகிதங்கள்

வண்டி மாறியதும் காகிதமும் மாறியது. ஓட்டுபவர் ஒருவர், உரிமையாளர் வேறொருவர். சுங்கச்சாவடியில் இது சாதாரண விஷயமல்ல. இன்னொருவர் வண்டியை எந்த உரிமையில் நாட்டுக்குள் கொண்டுவருகிறாய் என்ற கேள்வி கட்டாயம் வரும். நோட்டரி முன் கையெழுத்தான அதிகாரப் பத்திரம், அதில் வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அபோஸ்டில் முத்திரை, சான்றிட்ட ரஷ்ய மொழிபெயர்ப்பு ஆகிய மூன்றையும் தயார்செய்தார்கள். பத்திரத்தில் ஓட்டும் உரிமை மட்டும் போதாது. எல்லை கடக்க, சுங்கத்தில் தற்காலிகமாக இறக்குமதி செய்ய, வெளியே எடுக்க என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுதப்பட்டது. பதிவுச் சான்றில் உள்ள சேசிஸ் எண்ணை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டோம். தட்டச்சில் ஓர் எழுத்துப் பிழை அகப்பட்டது, பத்திரம் மறுபடி எழுதப்பட்டது.

வழியில் உள்ள ஏழு நாடுகளுக்கும் 1968 வியன்னா மாநாட்டு வடிவிலான சர்வதேச ஓட்டுநர் அனுமதி பொருந்தும். துருக்கிக்கும் அஜர்பைஜானுக்கும், பிற நாடுகளிலும் செல்லும் வண்டிக் காப்பீடான பச்சை அட்டை. ஜார்ஜியா 2018 மார்ச் முதல் வெளிநாட்டு வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருந்தது, அதை எல்லையிலேயே வாங்கலாம். தஜிகிஸ்தான் மின்விசாவோடு கோர்னோ-பதக்‌ஷான் பகுதிக்கான அனுமதியையும் சேர்த்து விண்ணப்பித்தார்கள். அது இல்லாமல் பாமிருக்குள் போக முடியாது.

மருத்துவக் காப்பீட்டை அக்கா வரி வரியாகப் படித்தார். பைக் ஓட்டும்போது ஏற்படும் காயத்துக்கு முதலில் பார்த்த பாலிசி பணம் தராது. சிலவற்றில் எஞ்சின் அளவுக்கு வரம்பு இருந்தது, சிலவற்றில் உயரத்துக்கு. மூன்றுக்கும் பொருந்தும் ஒன்றைத் தேடி எடுத்தார். இது அலுப்பான வேலைதான், ஆனால் விலை பார்த்து மட்டும் வாங்கினால் சாலையில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

மருந்துப் பை

மருந்துப் பையில் டிரமடால் மாத்திரை இருந்தது. பழைய முதுகுவலிக்குத் தம்பி வாங்கி வைத்தது. உஸ்பெகிஸ்தான் எல்லையில் இத்தகைய வலிநிவாரணிகளைக் கடுமையாகப் பார்ப்பார்கள். டிரமடால், கோடீன் உள்ள எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். டிரோனும் வீட்டிலேயே தங்கியது, உஸ்பெகிஸ்தானில் அதற்கு அப்போது தடை இருந்தது.

வெறிநாய்க்கடிக்கு முன்தடுப்பு ஊசி போட்டார்கள். ஊசி போட்டவரும் கடித்தபின் சிகிச்சை எடுத்தே ஆக வேண்டும், ஆனால் இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. மத்திய ஆசியாவின் ஒதுக்குப்புறங்களில் அந்த மருந்தைத் தேடி அலைவதை நினைத்தால் இது பெரிய நிம்மதி. உயர நோய்க்கு மருத்துவர் அசெட்டசோலமைடு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை எழுதிக் கொடுத்தார். வீட்டிலேயே ஒரு முறை எடுத்துப் பார்த்தார்கள். விரல் நுனிகள் மரத்தன, வேறு தொந்தரவு இல்லை.

பாமிரை எந்தப் பக்கமிருந்து ஏறுவது என்பதையும் உயரமே தீர்மானித்தது. பாமிரின் முக்கிய நகரமான கோரோக் சுமார் 2,100 மீட்டர். அங்கிருந்து நேரே முர்காப் போகாமல், வாகான் பள்ளத்தாக்கு வழியாக இஷ்காஷிம், லங்கர் என்று மெல்ல ஏறுவது. லங்கரில் இரண்டு இரவு. அதற்கு மேல் கர்குஷ் கணவாய் 4,344 மீட்டர். மூவாயிரம் மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை ஒரு நாளுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்ற பொது விதியை அந்தச் சாலை முழுவதும் கடைப்பிடிக்க வழியில்லை. ஆகவே ஓர் ஒப்பந்தம் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள்: தலைவலியோடு குமட்டல் வந்தால் அன்று ஏறுவதில்லை, நேர்கோட்டில் நடக்க முடியாவிட்டால் உடனே இறங்குவது, முடிவு நோயாளியின் கையில் இல்லை.

பயணத்தில் நடந்தவை

துருக்கியும் ஜார்ஜியாவும் சிரமமில்லாமல் கடந்தன. பாகூவுக்குத் தெற்கே அலாத் துறைமுகத்தில் ஆறு நாள் காத்திருந்தார்கள். கப்பல் நிறையும்போது கிளம்பும், காற்று அடங்கும்போது கிளம்பும், எப்போது என்று யாருக்கும் தெரியாது. இதற்காகவே திட்டத்தில் எட்டு நாள் ஒதுக்கியிருந்தார்கள். கஜகஸ்தான் கரையில் சுங்க அதிகாரி அதிகாரப் பத்திரத்தை முழுவதும் படித்தார். சேசிஸ் எண்ணை வண்டியில் விரல்வைத்து ஒப்பிட்டார். ரஷ்ய மொழிபெயர்ப்பு கையில் இருந்ததால் அரை மணி நேரத்தில் முடிந்தது.

பெய்னியூ–குன்கிராத் தடத்தில் உஸ்பெகிஸ்தான் பக்கச் சாலை நொறுங்கிக் கிடந்தது. தம்பியின் வண்டியில் பத்து லிட்டர் கூடுதல் பெட்ரோல், எல்லாம் பின்பக்கச் சுமை. அன்று முதல் வண்டி பின்பக்கம் குதிப்பதாக அவர் குறிப்பில் எழுதுகிறார். அது மோசமான சாலையால்தான் என்று நினைத்திருக்கிறார்.

வாகானில் ஏறியது சீராகவே போனது. லங்கரில் ஜெட் மாற்றினார்கள். அலிச்சூரில் அக்காவுக்குத் தலைவலி, லேசான குமட்டல். ஒப்பந்தப்படி மறுநாள் அங்கேயே தங்கினார்கள். அதற்கு அடுத்த நாள் குறைந்தது.

அக்பைதலைத் தாண்டி இறங்கும்போது, வரிவரியாகப் பெயர்ந்த சாலையில், தம்பியின் பின் ஷாக் எண்ணெயைக் கக்கியது. சீல் போய்விட்டது. கராகுல் ஏரிக்கரை கிராமத்துக்கு மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போய்ச் சேர்ந்தார்கள். காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமல்ல. மென்மையான ஸ்பிரிங்கை இறுக்கினால் வண்டி நிற்கும் உயரம் கூடும், ஆனால் ஸ்பிரிங்கின் கடினம் கூடாது. சுமையோடு ஒவ்வொரு குழியிலும் அது கடைசிவரை அமுங்கியது. விடாமல் ஏறி இறங்கிய ஷாக்கின் எண்ணெய் சூடேறி நீர்த்தது, கடைசியில் சீல் தாங்கவில்லை. கடினமான ஸ்பிரிங் போட்ட அக்காவின் வண்டி அதே சாலையில் அதே வேகத்தில் வந்தது, அதில் ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கசியவில்லை.

கராகுலில் மூன்று வழிகள் இருந்தன. அங்கேயே உதிரிப்பாகத்துக்குக் காத்திருப்பது, பைக்கை லாரியில் ஏற்றுவது, சாமானை மட்டும் ஏற்றி அனுப்பி வெறும் வண்டியை ஓட்டுவது. 3,900 மீட்டரில், தேதி தெரியாத ஒன்றுக்காகக் காத்திருப்பதை அக்கா உடனே விலக்கினார். லாரி கிடைக்கவில்லை. கிர்கிஸ்தானின் ஓஷ் நகரத்துக்குப் போகும் ஜீப் ஒன்றில் தம்பியின் சாமான் முழுவதையும் கேன்களையும் ஏற்றினார்கள். 40 கிலோ இறங்கியதும் அந்த ஸ்பிரிங் ஓரளவு தாங்கியது. கிசில்-ஆர்ட் கணவாயை ஊர்ந்து கடந்து சாரி-தாஷில் ஓர் இரவு, மறுநாள் மாலை ஓஷ். தஜிகிஸ்தான் விசாவில் இன்னும் நாட்கள் மீதமிருந்ததால் இந்த மெதுவான வேகத்துக்கு இடம் இருந்தது.

முடிவு

ஓஷில் வாடகை பைக்குகளைப் பராமரிக்கும் பட்டறை ஒன்று ஷாக்கைப் பிரித்துச் சரிசெய்தது. சீல்களைத் தங்களுக்கு வரும் வழக்கமான சரக்கோடு வரவழைத்தார்கள். கூரியரில் தனியாக வாங்கியிருந்தால் சுங்கத்தில் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது. ஒன்பது நாள் ஆனது. அதே நாட்களில் வீட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் மூலம் கடினமான ஸ்பிரிங்கும் வந்து சேர்ந்தது.

திட்டத்தைவிடப் பதின்மூன்று நாள் தாமதமாக அல்மாட்டி சேர்ந்தார்கள். இருவருக்கும் காயம் இல்லை. பைக்குகள் லாரியில் திரும்பின. கிர்கிஸ்தானும் கஜகஸ்தானும் யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் இருப்பதால் இடையே சுங்கச் சோதனை இல்லை. கிர்கிஸ்தான் நுழைவில் கேட்டு வாங்கிய தற்காலிக இறக்குமதிக் காகிதம்தான் கஜகஸ்தானை விட்டு வெளியேறும்போதும் தேவைப்பட்டது. அதை அக்கா பாஸ்போர்ட்டோடு வைத்திருந்தார்.

மாற்ற வேண்டியவை

ஒத்திகை இந்தப் பயணத்தைக் காப்பாற்றியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 323 கிலோ வண்டியோடு பாமிர் மணலில் தம்பி தனியாகச் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே விருப்பமில்லை. ஆனால் ஒத்திகையில் தேறியது அக்காவின் வண்டி மட்டும்தான். தம்பி ஓட்டிப்போனது ஒத்திகை பார்க்காத வண்டி, கெட்டுப்போனதும் அதுவே. ஒரே மாடல் என்பதால் ஒரே நடத்தை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். இரண்டுக்கும் இடையே ஒரு ஸ்பிரிங்கும் ஒரு டேங்கும் வித்தியாசம், சுமை விழும் இடமே அதனால் மாறியது.

ஆகவே முதல் ஒத்திகை ஏழு வாரம் முன்பு போதாது. நான்கு மாதம் வேண்டும். வண்டி மாறினால் மறுபடி ஒத்திகை, அதற்கும் உதிரிப்பாகம் வரும் காலத்துக்கும் சேர்த்து இடம் வேண்டும். பெட்டி, விளக்கு, திரைக்கண்ணாடி எதற்கும் முன்பு ஸ்பிரிங். ஓட்டுபவரும் சாமானும் ஏறியபின் பின்பக்கம் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு அமுங்குகிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். அதைவிட அதிகமாக அமுங்கினால் இறுக்கிச் சமாளிக்கக் கூடாது. கூடுதல் பெட்ரோலையும் பின்னால் கட்டாமல், டேங்குக்கு இருபுறமும் முன்பக்கமாகத் தொங்கவிடுவது நல்லது.

அதிகாரப் பத்திரத்தில் இன்னொரு மாற்றம். தம்பி பெயரில் மைத்துனர் வண்டிக்கு மட்டும் எழுதினோம். இருவர் பெயரிலும் இரண்டு வண்டிக்கும் எழுதியிருக்க வேண்டும். அலிச்சூரில் அக்காவின் உடல்நிலை மோசமாகி அவரை வேறு வண்டியில் கீழே கொண்டுபோயிருந்தால், அவருடைய பைக்கைத் தம்பி தஜிகிஸ்தானிலிருந்து வெளியே எடுக்கக் கையில் எந்தக் காகிதமும் இருந்திருக்காது. அடுத்த பயணத்துக்கான பத்திரங்களை இப்போது அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.